மூன்றாவது கிடார் கடையில் இல்லை!

(மின்னணுவியல் துறை, மூன்றாமாண்டு மாணவர் ஒருவர்)

“ஏற்கெனவே ரெண்டு இருக்கே... மூணாவது எதுக்குடா?”

எலெக்ட்ரிக் கிடார் வாசிக்கிற யாரும் வீட்டில் இந்தக் கேள்வியைத் தாண்டாமல் வந்திருக்க முடியாது. அப்பா கேட்பார், அம்மா கேட்பார். வாய் திறந்து கேட்காத அண்ணன்கூட ஒரு பார்வை பார்ப்பார். நம்மிடம் பதில் தயாராக இருக்கும்: “இது வேற சவுண்டும்மா!” அம்மாவின் காதுக்கு மூன்றும் ஒன்றுதான். சும்மா சொல்லக் கூடாது, வாங்கிய பதினைந்தாம் நாள் நம் காதுக்கும் மூன்றும் ஒன்றுதான்.

நம் கல்லூரியில் எனக்குத் தெரிந்து பத்துப் பேராவது கிடார் வைத்திருக்கிறார்கள். அதில் நாலைந்து பேரிடம் ஒன்றுக்கு மேல். ஹாஸ்டலில் ஒரு ரூமில் சுவரோரமாக மூன்று கிடார் சாய்ந்து நிற்கிறது. இரண்டில் தந்தி துருப்பிடித்துப் போயிருக்கிறது. புதிதாக வாங்கிய மூன்றாவது மட்டும் பளபள! அடுத்த வருஷம் நான்காவது வரும், அப்போது மூன்றாவதும் துருப்பிடிக்கும். “மாசம் ஆயிரத்துச் சொச்சம்தான் மச்சி, தவணைதானே!” என்கிறான் நண்பன். அந்த ஆயிரத்துச் சொச்சத்தைக் கட்டப்போவது யார்? ஷிஃப்டுக்குப் போகிற அவனுடைய அப்பா.

அதற்காக, “கிடார் எல்லாம் எதற்கு, ஒழுங்காகப் படித்து அரியர்ஸை முடி” என்று உபதேசம் செய்ய நான் வரவில்லை. அந்த வேலைக்கு ஆள் நிறைய இருக்கிறார்கள். என்னிடமும் இரண்டு கிடார் இருக்கிறது, எனக்கும் மூன்றாவது வேண்டும். ஆனால் என் கட்சி வேறு. மூன்றாவது கிடாரைக் கடையில் வாங்கக் கூடாது. பாலிடெக்னிக்கில் படிக்கிற நாம் அதைச் செய்ய வேண்டும். மரத்தை இழைத்து, காயில் சுற்றி, சால்டர் வைத்து, நம் கையால்.

சிரிக்காதீர்கள், காரணம் சொல்கிறேன்.

முதல் கிடாரைச் செய்யச் சொல்லவில்லை. வாசிக்கத் தெரியாதவன் செய்த கிடாரை வாசிக்கத் தெரியாதவனே கற்றுக்கொள்ள எடுத்தால் இரண்டு மாதத்தில் சங்கீதமே வெறுத்துப் போகும். முதலாவதைக் கடையில்தான் வாங்க வேண்டும். நல்ல செகண்ட் ஹாண்ட் என்றால் இன்னும் நல்லது. இரண்டாவதும் வாங்கலாம், அதற்கு நியாயம் உண்டு. எப்படி என்று கேட்டால், கொஞ்சம் காயிலுக்குள் போக வேண்டும்.

எலெக்ட்ரிக் கிடாரின் உயிர் பிக்-அப். காந்தம், அதைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பி, அவ்வளவுதான். மேலே எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப் புலம் மாறுகிறது, காயிலில் மின்னழுத்தம் பிறக்கிறது. 1831-ல் ஃபாரடே கண்டுபிடித்ததாக முதல் வருஷம் எழுதி மார்க் வாங்கினோமே, அதேதான். அதனால்தான் நைலான் தந்தி போட்டால் எலெக்ட்ரிக் கிடார் ஊமையாகிவிடும். இந்தப் பிக்-அப்பில் முக்கியமாக இரண்டு சாதி. ஒற்றைக் காயில் ஒன்று. கணீரென்று பேசும். ஆனால் பக்கத்தில் டிரான்ஸ்ஃபார்மரோ ட்யூப் லைட் சோக்கோ இருந்தால் ‘ம்ம்ம்...’ என்று முனகும். அது நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் கரண்டின் முனகல். இன்னொன்று ‘ஹம்பக்கர்’. இரண்டு காயிலை எதிரெதிராகச் சுற்றி, காந்தத்தையும் எதிரெதிராக வைத்து, முனகலை ஒன்றுக்கொன்று கழித்துவிட்டுத் தந்தியின் ஓசையை மட்டும் கூட்டுகிற ஏற்பாடு. கிப்சன் கம்பெனியில் சேத் லவர் என்பவர் 1955-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1957 முதல் அந்தக் கம்பெனியின் கிடார்களில் வந்தது. ஓசை தடிமனாக, வெல்லப்பாகு மாதிரி இருக்கும்.

தந்தியின் நீளம் இன்னொரு வித்தியாசம். ஃபெண்டர் வகைக் கிடாரில் நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை 25½ இஞ்ச், கிப்சன் வகையில் சுமார் 24¾. அதே தந்தியை அதே சுருதிக்கு ஏற்ற வேண்டுமானால் இழுவிசை நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். கால்குலேட்டரில் தட்டிப் பாருங்கள், ஃபெண்டரில் 6 சதவீதம் அதிகம். விரலுக்கு அது நன்றாகவே தெரியும்.

ஆக, ஒற்றைக் காயில் ஒன்று, ஹம்பக்கர் ஒன்று என இரண்டு கிடார் வைத்திருப்பவன் இந்த இரண்டு வித்தியாசத்தையும் கையில் வைத்திருக்கிறான். மூன்றாவதாகக் கடையில் அவன் வாங்குவது பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றின் வேறு கலர். பெயின்ட்டுக்குப் பணம்! ஓசை மாற வேண்டுமானால் டோன் கண்டென்சரை மாற்றலாம், பிக்-அப்பைத் தந்திக்குப் பக்கமாகவோ தள்ளியோ வைக்கலாம், தந்தியின் கனத்தை மாற்றலாம். ஒயர்கூட ஓசையை மாற்றும். ஒரு மீட்டருக்கு 100 பிகோ ஃபாரட் வாக்கில் கெபாசிட்டன்ஸ் உள்ள ஒயரை ஆறு மீட்டருக்கு இழுத்தால், உச்சஸ்தாயிக் கூர்மை கொஞ்சம் மழுங்கத்தான் செய்யும். இதெல்லாம் சிலபஸில் இருக்கிறது. ஆனால் நாம் கிடாரைக் கழற்ற மாட்டோம். வாரண்டி போயிடுமாம்!

இந்த வாத்தியத்தை உருவாக்கியவர்கள் யார் என்று பார்த்தால் இன்னும் வேடிக்கை. சங்கீத வித்வான்கள் குறைவு. நம்மைப் போன்ற பட்டறை ஆட்கள்தான் அதிகம்.

லியோ ஃபெண்டர் படித்தது கணக்குப் பதிவியல். 1938-ல் கலிஃபோர்னியாவில் ஃபுல்லர்ட்டன் என்ற ஊரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்தார். அவருக்குக் கிடார் வாசிக்கவே தெரியாது! ரிப்பேர்காரர் என்பதால் அவர் யோசித்ததும் ரிப்பேர்காரர் புத்தியோடுதான். 1950-ல் வந்து, மறுவருஷம் ‘டெலிகாஸ்டர்’ என்று பெயர் மாறிய அவருடைய கிடாரில் நெக்கை நான்கு ஸ்க்ரூவால் முடுக்கியிருப்பார். கெட்டுப் போனால் கழற்றி வேறு போடு, அவ்வளவுதான். 1954-ல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வந்தது. அதில் மூன்று பிக்-அப், மூன்று நிலை ஸ்விட்ச். வாசித்தவர்கள் ஸ்விட்சை இரண்டு நிலைக்கு நடுவே நிற்க வைத்து, இரண்டு பிக்-அப்பை ஒன்றாகப் பேச வைத்து, புது ஓசை எடுத்தார்கள். கம்பெனி தானே ஐந்து நிலை ஸ்விட்ச் போட்டது 1977-ல். இருபத்து மூன்று வருஷம் கழித்து! கம்பெனிக்காரனுக்கு முன்னால் பயன்படுத்துகிறவனுக்குத் தெரிந்துவிட்டது.

லெஸ் பால் கதை தெரியுமோ? அவர் வாசிக்கவும் செய்வார், கருவியும் செய்வார். 1940 வாக்கில் 4-க்கு 4 இஞ்ச் மரக்கட்டை ஒன்றில் தந்தி கட்டி, பிக்-அப் வைத்து மேடைக்குப் போனார். ஜனங்கள் கண்டுகொள்ளவில்லை. ஒரு சாதாரண கிடாரை இரண்டாக அறுத்துக் கட்டையின் இரு பக்கமும் இறக்கை மாதிரி ஒட்டிக்கொண்டு போனார். ஒரே கைதட்டல்! ஓசை பழைய கட்டையின் ஓசைதான். ஷோரூமில் கலரைப் பார்த்து மயங்குகிற நமக்கும் அந்தக் கூட்டத்துக்கும் என்ன வித்தியாசம்?

எனக்கு ரொம்பப் பிடித்தவர் பிரையன் மே. க்வீன் குழுவின் கிடாரிஸ்ட். பள்ளிக்கூடப் பையனாக இருந்தபோது ஃபெண்டரோ கிப்சனோ வாங்க வீட்டில் வசதி இல்லை. 1963-ல் அப்பாவும் பையனுமாக உட்கார்ந்து கிடார் செய்ய ஆரம்பித்தார்கள். அப்பாவுக்கு எலெக்ட்ரானிக்ஸ் கைவந்த கலை. நெக்குக்கு, பழைய கணப்பு அடுப்பின் மேல் பலகையாக இருந்த மஹாகனி மரம். அதில் பூச்சி அரித்த ஓட்டைகளைத் தீக்குச்சியால் அடைத்தார்கள். உடம்புக்கு, பழைய மேஜையின் ஓக் மரம். தந்தியை ஆட்டுகிற டிரெமலோ அமைப்புக்கு, 1928-ஆம் வருஷத்து மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங். அதன் கைப்பிடிக்கு சைக்கிளில் பை மாட்டுகிற கம்பி, நுனியில் அம்மாவின் ஸ்வெட்டர் பின்னும் ஊசியின் துண்டு. நெக்கில் இடம் குறிக்கிற வெள்ளைப் புள்ளிகள் அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து எடுத்த சிப்பிப் பட்டன்கள்! செய்து முடிக்க இரண்டு வருஷம் போல ஆனது. முதலில் பிக்-அப்பையும் தானே செய்தார், அது சரிவராததால் அதை மட்டும் கடையில் வாங்கிப் போட்டார். அந்தக் கிடாரோடுதான் அவர் உலகம் பூராவும் சுற்றினார். 2002-ல் லண்டன் அரண்மனைக் கூரை மேல் ஏறி நின்று வாசித்தபோதும் கையில் இருந்தது அதுதான்.

இடையில் ஒரு செய்தி. குழு பிரபலமானதும் வானியல் பிஎச்.டி. ஆராய்ச்சியைப் பாதியில் நிறுத்திய அவர், முப்பது வருஷத்துக்கு மேல் கழித்து 2007-ல் அதை முடித்துப் பட்டம் வாங்கினார். அரியர்ஸ் வைத்திருக்கும் அன்பர்கள் கவனிக்க!

அமெரிக்காவில் எடி வான் ஹேலன் 50 டாலருக்கு ஒரு கழிசல் உடம்பும் 80 டாலருக்கு ஒரு நெக்கும் வாங்கிப் பொருத்தி, வேறொரு கிடாரிலிருந்து பிடுங்கிய ஹம்பக்கரை மெழுகில் முக்கி வைத்தார். காயில் கம்பி ஆடினால் ஆம்ப்ளிஃபயர் கீச்சிடும் என்பதற்காக மெழுகு. (நம் வீணையிலும் மெட்டுகளைப் பிடித்து நிறுத்துவது மெழுகுதானே.) 1978-ல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பத்தில் கேட்பது அந்த ஒட்டுக் கிடார்.

“பெரிய பெரிய கலைஞர்களே நூறு கிடார் சேர்த்து வைக்கிறார்களே?” என்று கேட்கலாம். சேர்க்கிறார்கள்தான். பிங்க் ஃப்ளாய்ட் குழுவின் டேவிட் கில்மர் 2019-ல் தன்னிடமிருந்த 120-க்கும் மேற்பட்ட கிடார்களை நியூயார்க்கில் ஏலம் விட்டார். இரண்டு கோடி டாலருக்கு மேல் வந்த பணத்தைச் சுற்றுச்சூழல் காக்கும் வழக்கறிஞர் அமைப்பு ஒன்றுக்குக் கொடுத்துவிட்டார். அந்த ஏலத்தில் இரண்டு கிடார்களைக் கவனியுங்கள். ஒன்று, 0001 என்று எண் பொறித்த 1954 ஸ்ட்ராட்டோகாஸ்டர், சேகரிப்பாளர்களுக்குச் சொர்க்கம். அது 18 லட்சம் டாலருக்குப் போனது. இன்னொன்று 1970-ல் நியூயார்க் கடையில் வாங்கிய சாதாரண கறுப்பு ஸ்ட்ராட். நெக்கை மாற்றி, பிக்-அப்பை மாற்றி, புது ஸ்விட்ச் வைத்து, ஓட்டை போட்டு, அடைத்து, கில்மர் முப்பது நாற்பது வருஷம் படுத்தி எடுத்த கிடார். அது 39 லட்சத்து 75 ஆயிரம் டாலருக்குப் போனது! அதுவரை எந்தக் கிடாரும் ஏலத்தில் அவ்வளவு பெற்றதில்லை. வாசித்தவர் யார் என்பதற்குத்தான் அந்த விலை என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர் கழற்றி மாட்டி, கழற்றி மாட்டி, தன் ஓசைக்குக் கொண்டு வந்தது அதைத்தானே? கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கத் தகுந்த 0001-ஐ அவர் அப்படிப் படுத்தவில்லை.

நம் பக்கத்திலேயே மாண்டலின் ஸ்ரீனிவாஸ் இருந்தார். மேல்நாட்டு மாண்டலினில் நான்கு ஜோடித் தந்தி. தட்டிய ஓசை உடனே செத்துப்போகும், கமகத்துக்கு நிற்காது. அவர் வாசித்தது எலெக்ட்ரிக் மாண்டலின், ஜோடி இல்லாத ஐந்து ஒற்றைத் தந்திகளோடு. கர்நாடக சங்கீதம் அந்த வாத்தியத்துக்குள் வந்து உட்கார்ந்தது. கருவி நம் சங்கீதத்துக்கு வளையவில்லை என்றால் கருவியை வளைக்க வேண்டும். அதற்குக் கருவியின் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும்.

சரி, எந்தக் கிடாரைச் செய்வது? இங்கேதான் அதிகம் பேர் தப்பான இடத்தில் ஆரம்பிக்கிறார்கள். கடைக் கிடார் போலவே ஒன்று செய்ய முயன்றால் நெக்கில் மாட்டிக்கொள்வோம். ஃப்ரெட் கம்பியின் உயரம் கொஞ்சம் தப்பினாலும் தந்தி ‘ஜர்’ என்று அடிக்கும். அதில் தொழிற்சாலையின் சி.என்.சி. மெஷினோடு நம்மால் போட்டி போட முடியாது. சாதாரண கிடாரில் ஆறு தந்தியும் சேர்ந்து நெக்கை இழுப்பது ஏறத்தாழ 45 கிலோ எடைக்குச் சமம். அதைத் தாங்க உள்ளே இரும்புக் கம்பி வைத்து முடுக்க வேண்டும். வேண்டாம் இந்த வம்பு. மூன்றாவது கிடார், நம் இரண்டு கிடாரும் செய்யாத வேலையைச் செய்கிற கிடாராக இருக்கட்டும். மடியில் படுக்க வைத்து, தந்தி மேல் இரும்புத் தண்டை நகர்த்தி வாசிக்கிற ‘லாப் ஸ்டீல்’. ஹவாயன் கிடார் என்றால் நம் பெரியவர்களுக்குத் தெரியும். வான் ஷிப்லி, ஹஜாரா சிங் இவர்கள் இந்திப் பாட்டுகளை அதில் வாசித்த ரிக்கார்டுகள் அந்தக் காலத்தில் பிரபலம். நம் கோட்டுவாத்தியமும் அதே குடும்பத்து வாசிப்புதான். மெட்டே கிடையாது, கட்டையை நகர்த்தினால் சுரம். ஜெய்ப்பூர் விஸ்வ மோகன் பட் கிடாரைத் தன் விருப்பப்படி மாற்றிக்கொண்டு சறுக்கி வாசித்து, 1994-ல் கிராமி பரிசே வாங்கினார்.

இன்னொரு விஷயம். உலகத்தில் முதன்முதலாக வியாபாரத்தில் வெற்றி பெற்ற எலெக்ட்ரிக் கிடாரே ஒரு லாப் ஸ்டீல்தான்! ஜார்ஜ் பௌஷாம் என்ற ஹவாயன் கிடார்காரருக்குத் தன் வாத்தியத்தின் ஓசை கூட்டத்தில் எடுபடவில்லையே என்று குறை. குதிரை லாட வடிவக் காந்தம் இரண்டு வைத்து பிக்-அப் செய்தார். அதைத் தயாரிக்க வந்தவர் அடால்ஃப் ரிக்கன்பேக்கர், லாஸ் ஏஞ்சலஸில் டூல் அண்ட் டை பட்டறை வைத்திருந்தவர். 1932-ல் அலுமினிய வார்ப்பில் வெளிவந்தது. வட்ட உடம்பு, நீண்ட பிடி. தோசைக் கல்லுக்குக் கைப்பிடி போட்ட மாதிரி இருந்ததால் ‘ஃப்ரையிங் பேன்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். மேடை விளக்கின் சூட்டில் அலுமினியம் விரிந்து சுருதி கலைகிறது என்று புகார் வந்தது. மெக்கானிக்கல் நண்பர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நாம் மரத்திலேயே செய்வோம்.

ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான பலகை, நாலு இஞ்ச் அகலம், ஒன்றரை இஞ்ச் கனம். தஞ்சாவூர் வீணை பலா மரம், நாமும் பலாவைத் தேடலாம், தேக்குத் துண்டு கிடைத்தாலும் சரி. ஈட்டி மரம்தான் வேண்டும் என்று அலையாதீர்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் வளர்கிற அந்த மரம்தான் கப்பலேறிப் போய் எத்தனையோ வெளிநாட்டுக் கிடார்களில் விரல் பலகையாக ஒட்டப்பட்டது. 2017 முதல் அதன் சர்வதேச வியாபாரத்துக்கே கட்டுப்பாடு உண்டு. (செய்து முடித்த வாத்தியங்களுக்கு 2019-ல் விலக்குக் கொடுத்தார்கள்.) நமக்கு அது அவசியமே இல்லை. தடித்த பலகை, ஃப்ரெட் கிடையாது, இரும்புக் கம்பி முடுக்க வேண்டாம்.

நட்டிலிருந்து பிரிட்ஜுக்கு 22½ இஞ்ச், அதாவது 571.5 மில்லிமீட்டர் வைத்துக்கொள்வோம். ஃப்ரெட் இருக்க வேண்டிய இடங்களில் கோடு மட்டும் கிழித்தால் போதும். கணக்கு சுலபம். மீதமுள்ள நீளத்தை 17.817-ஆல் வகுத்துக்கொண்டே போக வேண்டும். முதல் கோடு 32.08 மில்லிமீட்டரில், அடுத்தது அங்கிருந்து 30.28 தள்ளி. பன்னிரண்டாவது கோடு சரிபாதியில், 285.75-ல் வந்து விழும். விழவில்லை என்றால் எங்கோ தப்பு. இந்த 17.817 எங்கிருந்து வந்தது என்று முதலாண்டுத் தம்பிகள் கணக்கு சாரிடம் கேட்கலாம். 2-இன் பன்னிரண்டாம் மூலத்தில் ஒளிந்திருக்கிறது. தந்தி பலகையிலிருந்து ஒரு சென்டிமீட்டராவது உயர்ந்து நிற்கட்டும், தண்டு கீழே இடிக்கக் கூடாது. சுருதிக்கு ஒரு வழி: தடித்த தந்தியிலிருந்து ஸ ப ஸ க ப ஸ, அந்தர காந்தாரம். வெள்ளைக்காரன் இதை ‘ஓப்பன் டி’ என்பான்.

இனி காயில். பிக்-அப்புக்கு உலகப் பழக்கம் 42 கேஜ் எனாமல் கம்பி. நம் கடைகளில் கேட்கும் எஸ்.டபிள்யூ.ஜி. கணக்கில் 46-க்குப் பக்கம். விட்டம் 0.06 மில்லிமீட்டர் சொச்சம், தலைமுடி மாதிரி. ஸ்ட்ராட் பிக்-அப்பில் ஏறத்தாழ 8,000 சுற்று. நீளம் கணக்குப் போட்டால் ஒரு கிலோமீட்டருக்கு மேல் வருகிறது! மீட்டரில் பார்த்தால் ஆறு கிலோ ஓம் வாக்கில் காட்டும். காட்டாமல் முள் அசையாமல் நின்றால் உள்ளே எங்கோ அறுந்துவிட்டது, மறுபடி முதலிலிருந்து. அழுகை வரும். மோட்டார் காயில் கட்டுகிற கடைக்காரர்களிடம் ஒரு நாள் நின்று பார்த்தால், கம்பியை விரலால் எவ்வளவு இறுக்கிப் பிடிப்பது என்ற பக்குவம் புரியும். அது புத்தகத்தில் இல்லை. ஹைலம் ஷீட்டில் பாபின், ஆறு இரும்பு ஸ்க்ரூ, அடியில் பட்டைக் காந்தம். சுற்றை எண்ண, பழைய கால்குலேட்டரின் ‘=’ பட்டனுக்கு இணையாக ஒரு ரீட் ஸ்விட்சை வைத்து, சுழலும் சக்கரத்தில் சின்னக் காந்தம் ஒட்டுங்கள். 1 + 1 போட்டுவிட்டால் பெரும்பாலான கால்குலேட்டர்கள் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்று கூட்டிக்கொண்டே போகும். வால்யூமுக்கு 250 கிலோ ஓம் லாக் டைப் கண்ட்ரோல், ரிச்சி தெருவில் 220 கிடைத்தாலும் பாதகமில்லை. டோனுக்கு 0.047 மைக்ரோ ஃபாரட். ஒரு ஜாக். மரத்தில் குடைந்த பள்ளத்துக்குள் தகடு ஒட்டி எர்த் செய்தால் முனகல் குறையும்.

எர்த் என்றதும் ஒன்று சொல்லியே ஆக வேண்டும், இது விளையாட்டு இல்லை. எலெக்ட்ரிக் கிடாரின் தந்தி, பிரிட்ஜ் வழியாக ஆம்ப்ளிஃபயரின் சேஸிஸோடு இணைந்திருக்கிறது. ஆம்ப்ளிஃபயரில் கரண்ட் கசிந்து, பிளக்கில் எர்த் பின் சும்மா பேருக்கு இருந்தால், வாசிப்பவன் ஒரு கையில் தந்தி, உதட்டில் மைக் என்று நிற்கும்போது அவன் உடம்பே சர்க்யூட்! 1972-ல் வேல்ஸில் ஸ்வான்ஸி நகரில் மேடையிலேயே இப்படித்தான் லெஸ் ஹார்வி என்ற கிடாரிஸ்ட் மைக்கைத் தொட்டு இறந்து போனார். வயது முப்பதுகூட ஆகவில்லை. நம் ஆண்டு விழா மேடையில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸை யார் எங்கிருந்து இழுக்கிறார்கள் என்று யாராவது பார்த்திருக்கிறோமா? மூன்று பின் பிளக்கில் ஒரு பின்னை உடைத்துச் சொருகுகிற பழக்கம் நம்மிடம் இல்லையா? எலெக்ட்ரிக்கல் படிக்கிற கல்லூரியின் மேடை இது! புதுக் கிடாருக்குப் பணம் சேர்க்கிறவன் அதற்கு முன்னால் எர்த் சரியாக உள்ள ஒரு ஆம்ப்ளிஃபயருக்குச் சேர்க்கட்டும். எட்டு கிடாரை விட அது பெரிய சொத்து. மாணவர் பேரவைக்கும் இதுவே என் வேண்டுகோள். இசைக்குழுவுக்குப் புதுசாக என்ன வாங்கலாம் என்று பட்டியல் போடும்போது முதல் வரியில் மேடை எர்த்திங்கைப் போடுங்கள்.

“இதெல்லாம் செய்ய நேரம் எங்கே இருக்கு அண்ணா?” என்று ஜூனியர் தம்பி ஒருவன் கேட்டான். நேரம் இருக்கிறது தம்பி. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் என்று ஒரு செமஸ்டரே கொடுத்திருக்கிறார்கள். அதை என்ன செய்கிறோம்? வெளியே பணம் கட்டி ரெடிமேடாக ஒரு பெட்டி வாங்கி வருகிறோம். உள்ளே என்ன இருக்கிறது என்று நமக்கும் தெரியாது, வைவாவுக்கு நாலு பதில் மட்டும் மனப்பாடம். போன வருஷம் யாரோ வைத்த அதே பெட்டி இந்த வருஷம் வேறு ஸ்டிக்கரோடு வருகிறது. அதற்குக் கொடுக்கும் பணத்தில் காயில் சுற்றும் மெஷின், பிக்-அப், கிடார் மூன்றையும் செய்துவிடலாம். காயிலும் சர்க்யூட்டும் இ.சி.இ., மேடை எர்த் ட்ரிபிள் இ, பிரிட்ஜும் தண்டும் மெக்கானிக்கல், மரத்துக்குக் கார்பென்டரி ஷாப் இருக்கவே இருக்கிறது. எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் முன்னால் மீட்டரையும் காட்டலாம், ஒரு பாட்டும் வாசித்துக் காட்டலாம். வேறு எந்த ப்ராஜெக்டுக்கு இந்தக் கொடுப்பினை?

கடைக் கிடாரின் பளபளப்பு நம்முடையதற்கு வராது என்பது உண்மை. பாலிஷ் திட்டுத் திட்டாக இருக்கும், ஒரு டியூனிங் கீ கோணலாக நிற்கும். விற்கப் போனால் ஒருவனும் வாங்க மாட்டான். ஓசையும் முதல் காயிலிலேயே நினைத்தபடி வந்துவிடாது. பிரையன் மேக்கே வரவில்லையே. ஆனால் கெட்டுப் போனால் யாரிடமும் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். எந்த ஒயர் எங்கே போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். இன்னொரு லாபமும் உண்டு. ஒருமுறை காயில் சுற்றியவன் தன் பழைய இரண்டு கிடாரையும் கட்டாயம் திறந்து பார்ப்பான். துருப்பிடித்த தந்தியை மாற்றுவான், நெக்கைச் சரி செய்வான். அந்த இரண்டும் மறுபடி புதுசாகும்.

கடைசியாக, தந்தி மேல் நகர்த்தும் தண்டு. முக்கால் இஞ்ச் விட்டம், மூன்று இஞ்ச் நீளம் இருந்தால் கைக்கு அடக்கம். லேத்தில் கடைந்து எமரி பேப்பரில் பாலிஷ் போடலாம். ஆனால் துருப்பிடிக்கும், சின்னக் கீறல் இருந்தாலும் தந்தியில் ‘கரகர’ கேட்கும். அதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. என்ஜின் பிரிக்கிற பட்டறைகளில் பழைய பிஸ்டனின் கட்ஜியன் பின் கிடக்கும். கடினப்படுத்தி, கண்ணாடி மாதிரி கிரைண்ட் செய்த எஃகு. கீறல் இல்லாததாகப் பொறுக்கி எடுங்கள். எடைக்குப் போட வைத்திருக்கிற கூடையிலிருந்து, ஒரு டீக்கு, மெக்கானிக் அண்ணன் கொடுத்துவிடுவார்.